பாதிக் குதிரை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முசரவாக்கத்தில் தம்பி டேனியல் வீடு. அவன் மகள் ஜோதிகாவிடம் நான் எழுதிய முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். சிறுவர்களுக்கான இந்திய வரலாறு, என் மூன்று வருட உழைப்பு. இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி. மூன்றாம் பக்கத்தைக் கவிழ்த்து அதன்மேல் இட்லித் தட்டை வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்குது அத்தே. ஆனா எல்லாரும் ஆணையிட்டுக்கினே இருக்காங்க. யாருக்குமே பசிக்காதா?"

வாயாடி. இருபது வருடம் வரலாறு நடத்தியவள் நான். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

ஆகஸ்ட் 4

பதிப்பாளர் சத்யப்ரியா போனில்: "இருபதாம் தேதிக்குள்ள படம் வரலைன்னா இந்த வருஷம் புக் கிடையாது மேடம்."

படம் போடுகிறவர் எங்கள் தெரு தேவேந்திரன். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். அவர் கிராஃப் தாளில் யானை நடக்கும், மயில் ஆடும். பத்துப் படம் சொல்லியிருக்கிறேன். படத்தைப் பார்த்தாவது ஜோதிகா மூன்றாம் பக்கத்தைத் தாண்டட்டும். வேறு பரிசு எதுவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 15

கொடி ஏறியது. மிட்டாய் தின்றோம். படம் வரவில்லை.

ஆகஸ்ட் 16

வந்தது. பத்தும் பாதி!

ராணியின் குதிரைக்குத் தலையும் முன்னங்கால்களும் உண்டு. அதற்குப் பின்னால் வெள்ளைத் தாள். வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளப் போகிற கூட்டம் நடுவிலேயே நின்றுவிட்டது.

"இன்னா சார் இது?"

"எப்பவும் பாதிதான் டீச்சர் போடுவோம். மீதிப் பாதிய தறியே திருப்பிப் போட்டுக்கும்."

"இது புக்கு சார்! பொடவை இல்ல!"

மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். திரும்பப் போடவும் நேரமில்லையாம். ஆவணி முகூர்த்த வேலை கழுத்தை நெரிக்கிறதாம்.

மாலையில் நானே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திருப்பிப் பார்த்தேன். குதிரைக்கு இரண்டு தலை, வால் இல்லை. உப்புக் கூட்டங்கள் இரண்டும் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டன. சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. மூணு வருஷம்!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து ஜோதிகா என்னோடு வந்தாள். நான் குழம்பு கூட்டிவிட்டு வருவதற்குள் ஸ்கெட்ச் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அசல் படத்தின் மேல்! கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனாலும் ஓங்கினேனே, நானெல்லாம் என்ன டீச்சர்?

அவள் அசையவில்லை. "பாதிதானே இருந்துச்சு? நான் முடிச்சி குடுத்தேன்."

குதிரைக்குப் பின்பாதி வந்திருந்தது. வால் கொஞ்சம் நீளம். பக்கத்தில் புல்லுக்கட்டோடு ஒரு பெண்.

"இது யாரு?"

"அப்பாவோட ஆயா. தென்னேரில புல்லு அறுத்தாங்கன்னு அப்பா சொல்லுச்சே. குதிரைக்கு யாராச்சும் புல்லு போடணும் இல்ல?"

என் பாட்டிதான். எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறை புல்லறுத்திருக்கிறார்கள். முந்நூறு பக்கம் எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்து உப்புப் படத்தை இழுத்தாள். "இவங்க எதுக்கு உப்புக்குப் போறாங்க? தெரியாம எப்டி வரையறது?" தானே அந்த அத்தியாயத்தை எடுத்து உட்கார்ந்தாள். மூன்றாம் பக்கம் தாண்டியது. ஏழும் தாண்டியது. குழம்பு அடிப்பிடித்தது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 18

கம்ப்யூட்டரில் இருந்த பாதிப் படங்களை அனுப்பிவிட்டு சத்யப்ரியாவிடம் சொன்னேன்: பாதிப் படத்தை அப்படியே அச்சடியுங்கள், மீதியைப் படிக்கிற பிள்ளை போடட்டும்.

"பேப்பர் வேஸ்ட் மேடம்" என்றார். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "என் பையன் குதிரைய முடிச்சிட்டான். அடுத்த படம் கேக்கிறான்."

நவம்பர் 9, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. தேவேந்திரன் தன் பிரதியில் பத்தையும் முடித்துவிட்டார். பழக்கதோஷம், ஜரிகைக் கரை வேறு போட்டிருக்கிறார்.

ஜோதிகாவின் பிரதியைச் சற்றுமுன் புரட்டினேன். உப்புக் கூட்டத்தின் கடைசியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தி தூக்குச்சட்டியோடு ஓடிவருகிறாள்.

"நீங்கதான் அத்தே. லேட்டா கெளம்பிட்டீங்க."

"கையில இன்னா?"

"சோறு. அவ்ளோ தூரம் நடந்துக்கினு இருக்காங்களே, பசிக்காதா?"