பசை காய்ந்த சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் பதினைந்து நாளுக்கொரு கூட்டம். வேலையில் எதைச் சீராக்கலாம் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். ஏழு பேர் வேலையை மூன்று பேர் செய்கிறோம், ஆள் வேண்டும் என்று ஆறு மாதமாக எழுதுகிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நேற்று என் பழைய சீட்டு பசை காய்ந்து கீழே விழுந்தது. குழுத் தலைவர் குனிந்து எடுத்தார்.

"முதல்ல இதைச் சரி பண்ணணும். நல்லா ஒட்டுற சீட்டா வாங்கிடலாம்."

அதையே இந்த முறை முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அம்மா.

கவலைப்படாதே. சட்டை அனுப்பினால் ஓர் அளவு சின்னதாக அனுப்பு. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். சட்டைப் பைக்குள் 'சாப்பிட்டியாடா' என்று ஒரு சீட்டு எழுதி வை. அதை மட்டும் சுவரில் ஒட்டமாட்டேன்.

உன் மகன்