ஐந்து மூலைத் தட்டு

காலையில் எவர்சில்வர் தட்டு கை நழுவித் தரையில் விழுந்தது. அது அதிர்ந்து அடங்குவதற்குள் எனக்கு உன் மேல் கோபம் வந்துவிட்டது.

விளிம்பு முழுவதையும் இறுகப் பிடித்துவிட்ட ஒரு தட்டு எப்படியெல்லாம் அதிரும்? அந்தக் கேள்வியோடுதான் நீயும் நானும் வருஷக்கணக்கில் அலைந்தோம். நான்காம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு, தட்டின் அதிர்வெண்களைச் சொல்லும் அதன் ஐகன் மதிப்புகள். வட்டத் தட்டென்றால் கணக்கிட்டுவிடலாம். கண்ட வடிவத்துக்கு முடியாது. முந்தைய மதிப்புகளை வைத்து, அடுத்தது இதற்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு சொல்லலாம், அவ்வளவுதான். அந்த வரம்பை நெருக்கிக் கொண்டுவந்து, ஆறாம் வரிசை, எட்டாம் வரிசை என்று எல்லாவற்றுக்கும் நிறுவப் பார்த்தோம். தாம்பரத்தில் ரயில் ஏறிப் பொத்தேரியில் இறங்குவதற்குள் பாதிச் சண்டை போட்டிருப்போம். மீதி கல்லூரியில், ஸ்டாஃப் ரூமில்.

விளிம்பு மூலையே இல்லாமல் வழவழப்பானது என்று வைத்துக்கொண்டால் நிரூபணம் தயார். அனுப்பிவிடலாம் என்றேன். நீ விடவில்லை.

"அஸ்தினாபுரத்துல எங்க மனையப் பாத்திருக்கியா? அஞ்சு மூலை. அதுக்குப் பொருந்தாத தேற்றம் எனக்கு வேணாம்டி."

மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றாய். வண்டலூர் தாண்டும்போது ஒரு நாள் என் கையைப் பிடித்து உலுக்கினாய். "விளிம்பத் தொடவே வேணாம்! அதுக்குப் பக்கத்துல பூஜ்யமாகிற சார்புகள வச்சு நெருங்கிப் போனாப் போதும். மூலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

அப்போதே உன் மார்பில் கட்டி இருந்திருக்கிறது.

அட்மிஷன் சீசன் முடிந்தபிறகுதான், தாம்பரம் நடைமேடைக் கூட்டத்தில், ஏதோ குடை தொலைந்ததைச் சொல்வதுபோல் சொன்னாய்.

"எப்ப இருந்து?"

"கோடைல இருந்து. ஸ்கேனுக்கு ஒரு நாள் லீவு கேட்டேன். அட்மிஷனுக்கு ஆள் இல்லன்னார் எச்.ஓ.டி. சரின்னுட்டேன்."

"சரின்னுட்டியா?"

கத்திவிட்டேன். ஒரு மூலைக்காக என்னை அந்தப் பாடு படுத்தியவள், அந்த ஆளிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னையும், அவரையும்.

உன் இரங்கல் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்து, "ஒரு நாள்கூட லீவு எடுக்காத அர்ப்பணிப்பு" என்றார். நான் எழுந்து நின்றேன்.

"அவ கேட்டா சார். நீங்கதான் குடுக்கல."

பிறகு டீ கொடுத்தார்கள். குடிக்காமல் வந்தேன்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. உன் பெயர்தான் முதலில். இறந்தவர் என்பதற்கு அடையாளமாக அதன் மேல் சின்னதாய் ஒரு சிலுவைக் குறி. சர்ச்சுக்குப் போகிறவள், உனக்குப் பிடித்திருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போன வாரம், துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல மேடம், மாத்திரை போட்டிருக்கேன்." பேனாவைப் பிடுங்கினேன். என் சத்தம் கேட்டு எச்.ஓ.டி. எட்டிப் பார்த்தார்.

"இவ ஆஸ்பத்திரிக்குப் போறா சார். நானும் கூடப் போறேன்." அனுமதி கேட்கவில்லை, சொன்னேன்.

ஆட்டோவில் அந்தப் பெண் அழுதாள். "என் மேல ஏன் மேடம் இவ்ளோ கோபம்?"

அது உன் மேல் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.