வீமனைத் தூக்க இரண்டு பேர்

வெள்ளவத்தை
11.05.2025

திரு. தில்லைநாதன் அவர்களுக்கு,

நாலு வருடத்துக்குப் பிறகு என் கடிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். மெல்பேர்ணில் மகள் ரூபிகா நலம். நானும் இருக்கிறேன். ஃபோனில் கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே நாங்கள் சத்தம் போடத் தொடங்கிவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் வீமனைப் பற்றியது. முகத்துவாரத்தில் மீன் வாங்கப் போய், சட்டைக்குள் வைத்து நீங்கள் கொண்டுவந்த நாய்க்குட்டிக்கு இப்போது பதின்மூன்று வயது. தைப்பொங்கலுக்குப் பிறகு படியேறத் தயங்கினான். சோம்பல் என்று நினைத்தேன். பிறகு காலையில் எழும்ப முடியாமல் பின்னங்கால்கள் டைல்ஸ் தரையில் வழுக்கின. ஒரு நாள் இடுப்பைத் தொட்டதற்கு என் கையைக் கடிக்க வந்தான். வீமன், என்னை! அன்றைக்கே டொக்டர் நிஷாந்தியிடம் கொண்டுபோனேன். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்துபோய்த் தெரிகின்றன.

"மூட்டுவாதம், அன்ரி. இது மாறாது. ஆனா வலியை நல்லாக் குறைக்க ஏலும். நீங்கள் விடாமச் செய்யவேணும்," என்றார்.

செய்வேன். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் தோற்றுப்போகிறேன். எங்கள் ஃப்ளாட் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அவனுடைய வயிற்றுக்குக் கீழே பெரிய குளியல் துவாயைக் கொடுத்து, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். முப்பத்தொரு கிலோ. மாசியில் வந்த சிக்கன்குன்யாவுக்குப் பிறகு என் மணிக்கட்டுகள் இன்னும் சரியில்லை. மற்ற நாட்களில் வாசல் காவலாளி உதவுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு.

ஞாயிறுகளில் காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் வந்து துவாயின் ஒரு பக்கத்தைப் பிடிப்பீர்களா? வேறெதுவும் கேட்கவில்லை.

நேசமலர்


கொட்டாஞ்சேனை
15.05.2025

அன்பின் நேசம்,

உறையில் உமது கையெழுத்தைக் கண்டதும் வாசலில் நின்றபடியே உடைத்து வாசித்தேன். உமக்குச் சிக்கன்குன்யா வந்தது எனக்குத் தெரியாது. ரூபிகாகூடச் சொல்லவில்லை. அக்கா போன வருடம் மகனோடு லண்டனுக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் நான் தனியேதான்.

வீமனைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபிக்காமல் கேளும். அந்தச் சாதி நாய்க்குப் பதின்மூன்று பெரிய வயது. வலியில் இழுபட வைக்காமல் டொக்டரிடம் சொல்லி, ஒரு ஊசியோடு நிம்மதியாகப் போகவிட்டால் என்ன? அவன் முனகுவதை நீர் எப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீரோ. என்னால் முடியாது. வேண்டுமானால் ஒழுங்குகளை நான் செய்து தருகிறேன். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

என் முழங்காலும் மோசம். மாத்திரை போட்டுத்தான் நடமாடுகிறேன். படியேறுவது எனக்கும் கஷ்டம் என்பதைச் சாட்டாக எழுதவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன்.

தில்லை


வெள்ளவத்தை
19.05.2025

திரு. தில்லைநாதன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய ஊசியைப் பற்றி டொக்டரிடம் நான் எப்போதோ கேட்டுவிட்டேன். "அவன் சாப்பிடுறான், வால் ஆட்டுறான், ரயில் போனாக் குலைக்கிறான். அந்த நாள் வந்தா நானே உங்களிட்டச் சொல்லுவன். இப்ப அது இல்லை," என்றார். அவர் சொல்லும் வரை அந்தக் கதையை யாரும் என் வீட்டில் எடுக்கக் கூடாது.

வலியில் இருப்பவரைப் பார்க்க முடியாமல் இருப்பதை நீங்கள் இரக்கம் என்று நினைக்கிறீர்கள். அம்மா புற்றுநோயோடு எங்கள் முன்னறையில் கிடந்தது ஏழு மாதம். ஐந்தாவது மாதத்தில், "ரெண்டு நாள் அக்கா வீட்டில நிண்டிட்டு வாறன்" என்று ஒரு பையோடு போனீர்கள். செத்தவீட்டுக்கு விருந்தாளி போல வந்து, விருந்தாளி போலவே திரும்பிப் போனீர்கள். அந்த இரண்டு மாதமும் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்கு இன்னொரு சோடிக் கை இருக்கவில்லை. இதை ஒரு தரம் எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், பிஸ்கட் அறவே இல்லை. ஒவ்வொரு கிலோ குறைவதும் அவன் இடுப்புக்கு ஒரு மருந்து என்கிறார் டொக்டர். காலையில் எழுப்ப முன்னர் சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் இடுப்பில் வைக்கிறேன். நீண்ட நடை கூடாது. காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் மட்டும். நாய்களுக்கென்றே உள்ள வலிமருந்து ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. கீழ்மாடி ஷபீகா நாயைத் தொடமாட்டார். ஆனாலும் தன் வீட்டுப் பழைய கார்ப்பெட்டைச் சுருட்டி என் கதவடியில் வைத்து, "அதுட கால் வழுக்காம இரிக்கட்டும் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு, இருபத்தைந்தாம் திகதி, காலை ஆறரை. முழங்கால் வலித்தால் மெதுவாக ஏறுங்கள்.

நேசமலர்


கொட்டாஞ்சேனை
30.06.2025

அன்பின் நேசம்,

நேற்றோடு ஆறு ஞாயிறு. துவாய் பிடிக்கும்போது நீர் "பிடியுங்கோ, இறக்குங்கோ, நில்லுங்கோ" என்ற மூன்று சொல்லுக்கு மேல் என்னோடு கதைப்பதில்லை. ஆகவே நானும் எழுதுகிறேன்.

முதல் நாள் கதவைத் திறந்தபோது அவன் எழும்ப முயன்று முடியாமல் இருந்த இடத்திலேயே வாலால் தரையை அடித்தான். நான் படியில் இறங்கி ஓடிவிடப் பார்த்தேன். நீர் துவாயின் நுனியை என் கையில் திணித்தீர். அதனால்தான் நின்றேன்.

நேற்று அவன் தானாகவே எழும்பியதைக் கவனித்தீரா? முன்னர் பத்து நிமிடம் எடுத்தவன். இருபத்தொன்பது கிலோவாக இறங்கிவிட்டான் என்று நீர் காவலாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடமே சொல்லியிருக்கலாம். நீர் செய்வது சரி என்று அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

மாலையில், நடந்து களைத்த பிறகு முனகுகிறானே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் நிற்கிறது. அதற்கு மருந்தைக் கொஞ்சம் கூட்ட முடியாதா?

தில்லை


வெள்ளவத்தை
10.07.2025

இதைக் காவலாளியின் மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலுக்குக் காத்திருக்க முடியாது. ஃபோன் எடுத்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வீமன் இரத்தமாக வாந்தி எடுத்தான். மலமும் தார் போலக் கறுப்பு. டொக்டர் நிஷாந்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மனிசர் பாவிக்கிற வலி மாத்திரை ஏதும் குடுத்தனீங்களா, அன்ரி?" என்றுதான். இல்லை என்று சத்தியம் செய்தேன். "நல்லா யோசியுங்கோ. நாங்கள் குடுக்கிற மருந்தோட அது சேர்ந்தா நாயின்ர குடல் புண்ணாப் போகும்," என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஞாயிறு மாலை நான் காலி வீதிக் கடைக்குப் போய்வந்த அரைமணி நேரம் நீங்கள்தான் அவனோடு இருந்தீர்கள். வரும்போது அவன் முகத்தில் பாண் துணிக்கை ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "பசிச்சுது போல," என்றீர்கள்.

கொடுத்தீர்களா? ஓம் அல்லது இல்லை. என்ன மாத்திரை, எத்தனை என்றும் எழுதுங்கள். டொக்டருக்கு அது தெரிய வேண்டும். அவன் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடக்கிறான்.

நேசமலர்


கொட்டாஞ்சேனை
10.07.2025

நேசம்,

ஓம்.

என் முழங்கால் மாத்திரை. பெயரும் அளவும் தெரிய அட்டையையே இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ஜூன் இருபத்தொன்பதில் பாதி. அன்றைக்கு முனகாமல் படுத்தான். நல்லது செய்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். போன ஞாயிறு முழு மாத்திரை, பாணுக்குள் வைத்து. என் கையை நம்பிச் சாப்பிட்டான்.

என் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று உம்மிடம் கேட்டால் வேண்டாம் என்பீர் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை, மறுநாள் எழுதிய கடிதத்திலும் மறைத்தேன். அவனுடைய வலிக்காகச் செய்தேன் என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்றுதான் செய்தேன். என் காதுக்காகத்தான்.

இனி அந்தப் பக்கம் வரமாட்டேன். என்னால் யாருக்கும் உதவி இல்லை. ஞாயிற்றுக்கு ஒரு கூலியாளைப் பிடியும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

தில்லைநாதன்


வெள்ளவத்தை
20.07.2025

ரூபிகாவின் அப்பாவுக்கு,

அட்டையை அனுப்பியது உதவியது. டொக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றினார். ஐந்து நாளுக்குப் பிறகு வீமனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிழைத்துவிட்டான்.

உங்கள் மேல் எனக்குள்ள கோபத்தை எழுத இந்தக் காகிதம் காணாது. ஆனால் நீங்கள் வராமல் இருப்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பிழை விட்டவுடன் பையைத் தூக்குவது இரண்டாம் தரமாக நடக்க விடமாட்டேன்.

இப்போதைய நிலை இது. குடல் புண் ஆறும் வரை பழைய வலிமருந்தைக் கொடுக்க முடியாது. ஒன்றரை மாதமாவது ஆகும். அதற்குப் பதிலாகக் கொடுப்பது அவ்வளவு வேலை செய்யவில்லை. துவாயில் இறக்கும்போது ஒவ்வொரு படியிலும் நடுங்குகிறான். "இந்தப் படி இருக்கிற வரைக்கும் நான் என்ன மருந்து குடுத்தும் பிரயோசனம் இல்லை, அன்ரி," என்று டொக்டர் சொல்லிவிட்டார். இங்கே கீழ்மாடியில் வாடகைக்கு வீடு தேடினேன். நாயென்றதும் கதவைச் சாத்துகிறார்கள்.

உங்கள் வீட்டில் படி இல்லை. சீமெந்துத் தரை, முற்றம், கேற்.

மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீமனை உங்களிடம் கொண்டுவருகிறேன். உங்களை நம்பி அல்ல, அந்தத் தரையை நம்பி. உங்கள் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். டொக்டர் எழுதித் தருவதைத் தவிர அவன் வாய்க்குள் எதுவும் போகக் கூடாது. ஒத்தடம், நடை, நிறை எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வேண்டும். ஞாயிறும் புதனும் காலை எட்டுக்கு நான் வருவேன், கொப்பியைப் பார்ப்பேன், பத்தரைக்குப் போய்விடுவேன்.

டொக்டரிடம் கிடந்த அந்த ஐந்து நாளைத் தவிர, பதின்மூன்று வருடம் அவன் இல்லாமல் நான் ஒரு நாள் படுத்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இதை லேசாக எடுக்கக் கூடாது என்பதற்காக.

இருபத்தாறாம் திகதி, சனிக்கிழமை, வேனில் வருகிறோம். வீட்டில் நில்லுங்கள்.

நேசமலர்


கொட்டாஞ்சேனை
16.09.2025

அன்பின் நேசம்,

நாளைக்கு நீர் வந்து கொப்பியைப் பார்ப்பீர். நேற்றைய பக்கத்தில் "காலை மோசம்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதல்நாள் முழுவதும் மழை. ஈரக் குளிருக்கு அவனுடைய மூட்டுகள் இறுகிவிட்டன போலும். விடிய எழுப்பப் போனேன். எழும்பப் பார்த்து, விழுந்து, கத்தினான். முனகல் இல்லை நேசம், கத்தல். டொக்டருக்கு ஃபோன் எடுத்தேன். "காலை மருந்தைக் குடுத்திட்டு ஒத்தடம் வையுங்கோ, அவசரப்படுத்தாதேங்கோ. ஒரு மணித்தியாலத்தில எழும்பாட்டிக் கொண்டுவாங்கோ," என்றார்.

தண்ணீரை அடுப்பில் வைத்தேன். அவன் நிறுத்தவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டிக் கேற்றைத் திறந்துவிட்டேன். எங்கே போகப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒழுங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அங்கேயும் அந்தச் சத்தம் கேட்டது.

கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அவன் பக்கத்தில் தரையில் இருந்தேன். என் முழங்காலோடு அப்படி இருப்பதும் லேசில்லை. ஒத்தடத்தை வைத்து, நீர் காட்டித் தந்தபடி தொடையை மெதுவாக நீவினேன். காதைப் பொத்தவில்லை. கத்தல் முனகலாகி, முனகல் மூச்சாகி, பிறகு தலையை என் கால்மேல் வைத்தான். நாற்பத்தைந்து நிமிடம். எட்டு மணிக்கு முன்னங்காலை ஊன்றினான். நான் தூக்கவில்லை, இடுப்புக்குக் கை கொடுத்தேன், அவ்வளவுதான். நின்றான். முற்றத்துக்குப் போய் மூத்திரம் பெய்துவிட்டு வந்து சாப்பாட்டுக் கோப்பையைக் காலால் தட்டினான். இருபத்தேழரைக் கிலோ.

அங்கே இருந்தபோது மாமியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நாளாவது இருந்திருந்தால் நீர் ஒரு நாளாவது நித்திரை கொண்டிருப்பீர். நான் ஒன்றும் பெரிதாகச் செய்திருக்கத் தேவையில்லை. போகாமல் இருந்திருந்தால் போதும். இதற்கு உம்மிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நேசம். நாலு வருடம் பிந்தி.

தில்லை


வெள்ளவத்தை
19.09.2025

அன்பின் ரூபிகா அப்பாவுக்கு,

புதன்கிழமை நான் வந்து போகும்வரை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கடிதம் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன்.

அம்மாவுக்காக என்னால் மன்னிப்புத் தர முடியாது. அது அம்மா தர வேண்டியது, அவ இல்லை. என் பங்கை நான் தரலாம். இப்போது முழுவதும் தர வரவில்லை. வரும் என்றும் வராது என்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் திங்கட்கிழமை நீங்கள் செய்தது சரி. நான் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டொக்டரோடு கதைத்தேன். புண் ஆறிவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து நாய் மருந்தை அரை அளவில் திரும்பத் தொடங்கலாம். மாரி மழைக்கு முன்னர் அவன் படுக்கும் இடத்தை நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்த்த வேண்டும். பலகைக்கு அளவெடுத்து வையுங்கள். அவன் எவ்வளவு காலம் இருப்பான் என்று எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. இருக்கிற நாளெல்லாம் நோகாமல் எழும்ப வேண்டும். அதற்கு ஒரு ஆள் காணாது.

ஞாயிறு எட்டுக்கு வருகிறேன். பத்தரைக்குப் போகமாட்டேன், மத்தியானம் சாப்பிட நிற்பேன். நான் சமைக்கமாட்டேன்.

நேசம்