மேஸ்திரி சொன்ன சாவு

6 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணி, ஃபேக்டரிச் சங்கு ஊதியது. என் புருஷன் ஜெபராஜ் வந்தார். வழக்கம்போலக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. செத்து முப்பத்தைந்து வருடம், ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் தினமும் சொல்கிறேன்: நீங்க குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்.

குடிபோதையில் கழிவுத்தண்ணிக் குழியில் இறங்கி இறந்தான் என்று, அவர் வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பின் ரிஜிஸ்டரில் எழுதவைத்தவன் மேஸ்திரி ராஜகோபால். இன்னும் உயிரோடு இருக்கிறான், இதே ஆம்பூரில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். போலீசுக்குப் போனேன், யூனியனுக்குப் போனேன், பாஸ்டரிடம் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நாவல் எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தபோது நோயாளிகள் விட்டுப்போன வாரப் பத்திரிகைகள்தான் என் பள்ளிக்கூடம்.

கதை இதுதான். வேலூர்க் கோட்டை, நாயக்கர் காலம். ஒரு தளபதி தோல்காரன் ஒருவனைத் திருடன் என்று பொய் சொல்லிக் கொல்கிறான். அவன் மனைவி முத்தழகி பழிவாங்கத் தளபதி வீட்டில் வேலைக்காரியாக நுழைகிறாள். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் கொல்வாள்.

19 ஆகஸ்ட், திங்கள்

டைப் அடித்துக் கொடுக்கும் என் மகள் ஹெப்சி போனில் சிரிக்கிறாள். "ஏம்மா, வில்லனுக்கு எதுக்கு இவ்ளோ அழகா மீசை? முத்தழகி தலை வேற துவட்டி வுடுறா. கொல்லப் போனாளா, குடும்பம் நடத்தப் போனாளா?"

"அடிக்கிற வேலையப் பாருடி."

பிறகு எடுத்துப் படித்தேன். மீசை இருக்கிறது. இதை எப்போது எழுதினேன்?

11 செப்டம்பர், புதன்

கொலை வரமாட்டேன் என்கிறது. முத்தழகி தளபதியைத் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் தள்ளினாள், உடனே செத்தான் என்று எழுதினேன். எனக்கே நம்பிக்கையில்லை. பழைய தோல் வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருவனைத் தவிர.

போகமாட்டேன்.

12 செப்டம்பர், வியாழன்

போனேன்.

சர்க்கரையில் மேஸ்திரிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. குரலை வைத்தே, "ஜெபராஜ் சம்சாரமா?" என்றான். வாசலில் நின்றபடியே அந்த அத்தியாயத்தைப் படித்தேன்.

"இன்னாம்மா இது? சுண்ணாம்புல வுழுந்தவன் எழுந்து வந்து உன்னத் திட்டுவான். தோலு வெந்துபோவும், அவ்ளோதான்." பிறகு, "இந்தத் தளபதி நான்தானே?"

"ஆமா."

"அப்ப ஒழுங்கா சாவணும். கழிவுத்தண்ணி குழின்னு வை. ரொம்ப நாளா மூடிக் கிடந்த குழி. உள்ள வாயு நிக்கும். ரெண்டு மூச்சு. கத்தக்கூட முடியாது."

கத்தக்கூட முடியாது. கத்தினாரா, என் பேரைச் சொன்னாரா என்று இத்தனை வருடம்—

3 அக்டோபர், வியாழன்

நாலாவது வியாழன். முதல் அத்தியாயத்திலிருந்து படித்துக் காட்டுகிறேன், அந்த மீசைப் பக்கங்களை மட்டும் தாண்டிவிட்டு. இன்று நிறுத்தினான்.

"அந்தத் திருட்டு... நெசமா யாரும் திருடலியா?"

"தளபதி சொன்ன பொய்தானே."

"தப்பு. திருடினது தளபதிதான். அப்பிடி மாத்து."

"எதுக்கு?"

"அன்னிக்கு குழில எறங்க வேண்டிய மொறை என்னுது. காலைலயே ஊத்திக்கினு வந்துட்டேன், நிக்க முடியல. 'நீ உக்காரு மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்'னு அவன் எறங்கினான்."

பாவி. பாவி. எந்தத் தெரு வழியாக வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

4 அக்டோபர்

இருபத்திரண்டாம் அத்தியாயம். இரண்டு மூச்சில் கொன்றேன். நன்றாக வந்திருக்கிறது.

10 அக்டோபர்

வியாழன். போகவில்லை.

17 அக்டோபர்

போகவில்லை. அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதே.

2 நவம்பர், சனி

கல்லறைத் திருநாள். ஜெபராஜ் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லாக் குடும்பங்களும் இருந்தன, பாஸ்டர் அப்போதுதான் ஜெபம் முடித்திருந்தார். வெளியே ஆட்டோ நின்றது. டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி உள்ளே வந்தார்.

"ஜெபராஜ் குடிக்கல. குடிச்சது நானு. ரிஜிஸ்டர்ல பொய் எழுதச் சொன்னதும் நானு." கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்டது.

வேறு யாருடைய கல்லறையையோ பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"இங்க."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

7 நவம்பர், வியாழன்

ஐந்து நாளாகச் சங்கு மட்டும்தான் ஊதுகிறது. கட்டில் காய்ந்தே கிடக்கிறது. கேட்டது கிடைத்துவிட்டது, அதனால் ஜெபராஜ் வருவதில்லை போலிருக்கிறது. இப்படி ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மேஸ்திரியை நான் மன்னிக்கவில்லை. அதை எழுதி வைக்கிறேன். ஆனால் ஜெபராஜின் குரல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர்தான் மிச்சம்.

சங்கு ஊதுவதற்குள் நோட்டை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டினேன்.

"இன்னிக்காவது சாவறேனா?" என்றார் மேஸ்திரி.

"இல்ல."

உள்ளே போய் உட்கார்ந்தேன். இத்தனை நாள் தாண்டிவந்த மீசைப் பக்கத்தைத் தேடி எடுத்து, அங்கிருந்து படித்தேன்.