வாங்கியிருக்கக் கூடாத ஐம்பது ரூபாய்

1969 ஆவணி, செவ்வாய்க்கிழமை இரவு.

அப்பாவின் தறிக்கூடம் எனக்கே என்று முதலில் தீர்ப்பானது. அண்ணன் கோர்ட்டுக்கு வராததால் கிடைத்த தீர்ப்பு அது. பிறகு அவன் மனுப் போட்டான். எனக்குச் செலவுத் தொகையாக ஐம்பது ரூபாய் கொடுத்தால் அந்தத் தீர்ப்பு ரத்தாகும், வழக்கு மறுபடி நடக்கும் என்று உத்தரவானது. போன வாரம் கோர்ட்டு வராந்தாவில் கொடுத்தான். வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இன்று அந்த உத்தரவை எதிர்த்து மேலே போகலாமென்று என் வக்கீலிடம் போனேன்.

"பணத்தை வாங்கிக்கினு, உத்தரவு தப்புன்னு எப்படிபா சொல்லுவே? வாங்கினா ஒத்துக்கினதா அர்த்தம். என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார்.

வீட்டில் இவளும் கேட்டாள். "அந்த அம்பது ரூபா இல்லாம நாம சோத்துக்கா நின்னோம்? ஏன் வாங்கினீங்க?"

சாப்பாடு போடச் சொன்னேன்.

பணத்துக்காக வாங்கவில்லை. அண்ணனைத் தெருவே முதலாளி என்கிறது. அதே அப்பாவுக்குப் பிறந்த என்னை முதலாளியின் தம்பி என்கிறது. நாலு பேர் பார்க்க அவன் எனக்கு அபராதம் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவன் முகம் சுளிக்கவே இல்லை. "எண்ணிப் பாத்துக்கடா" என்று தீபாவளிக் காசு கொடுப்பதுபோலக் கொடுத்தான். பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவன் கை மேலே இருந்தது. என் கை கீழே.