கரி இல்லாத பிஸ்டன்

மார்ச் 4
தம்பியின் கார் நம் பட்டறைக்கு வந்திருக்கிறது. மேட்டில் திணறுகிறதாம், தண்ணீரும் குறைகிறதாம். மலைப்பாதையில் வாடகைக்கு ஓட்டுகிறவன். வண்டி படுத்தால் பிழைப்பும் படுத்துவிடும். என் வீட்டுக்காரர் இன்ஜின் ஹெட்டைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று பிஸ்டன்களின் தலையில் காய்ந்த கரி. முதலாவதில் மட்டும் ஒன்றுமில்லை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.

தம்பி எட்டிப் பார்த்தான். "ஒண்ணாவது லட்சணமா இருக்கே! உன்ன மாதிரி இல்லக்கா."

சிரித்து வைத்தேன். டார்ச்சை மட்டும் அந்த முதலாவதை விட்டு நகர்த்தவில்லை.

மார்ச் 5
ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்வது! நான் கடைக்குப் போய் வருவதற்குள் நாலு பிஸ்டனையும் மண்ணெண்ணெய் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து... முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அழுக்கைக் கண்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது. கரி என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுத்தானே தொடைக்கணும்? தண்ணி உள்ள கசிஞ்சா ஆவியாகிக் கரியக் கழுவிடும். சுத்தமா இருக்கிறதுதான் நோயாளி!

"அதான் கசியாம இருக்கப் புது கேஸ்கட் போடுறேனே," என்றார்.

"ஹெட்லயே கீறல் இருந்தா? லேத் பட்டறையில குடுத்து சோதிச்சிடலாம்."

"எல்லாம் ஒரே கருப்பாத்தான் இருந்துச்சு. நீ வெளிச்சத்துல எதையோ பாத்துட்டு ஆடாத."

தம்பியைக் கேட்டேன். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. எனக்கு ஞாயித்துக்கிழமை சவாரி இருக்கு," என்கிறான். என் கண்தான் பொய்யா?

மார்ச் 8
ஹெட்டைச் சோதிக்காமலே புது கேஸ்கட் மாட்டி, வண்டி போய்விட்டது. கிளப்பும்போது வெள்ளைப் புகை, அதில் ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்டின் இனிப்பு வாசனை. "குளிருக்கு அப்படித்தான்," என்றார் இவர். எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியே கையை விட்டுத் தம்பியின் காதைத் திருகினேன். "நிறுத்துற இடத்துலெல்லாம் தண்ணியப் பாரு. மறந்தே, தோலை உரிச்சிடுவேன்."

"சரி தாயே, காதை விடு."

மார்ச் 9
போன் எடுக்கவில்லை. மலையில் சிக்னல் கிடைக்காது. கிடைக்காதுதான்.

மார்ச் 10
ஆஸ்பத்திரி. வழியில் நிறுத்திவிட்டு, கொதிக்கிற சூட்டிலேயே ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறான். கொதிநீர் பீறியடித்து முகம், கழுத்து எல்லாம் வெந்திருக்கிறது; இரண்டு கண்ணுக்கும் கட்டு. பார்வை இருக்குமா என்று கட்டைப் பிரித்தால்தான் சொல்ல முடியுமாம்.

என் குரல் கேட்டதும், "நிறுத்தின இடத்துலெல்லாம் பாத்தேன்க்கா, நீ சொன்ன மாதிரியே," என்றான்.

ஆறட்டும்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னேனா? வண்டி ஓட்டுறவனுக்கு அதுகூடத் தெரியாதா... தெரியும். நான் திருகின காதுதான் அவனை அவசரப்படுத்தியிருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

மார்ச் 14
வண்டியை இழுத்து வந்தார்கள். இவர் ஹெட்டைக் கழற்றினார். மூன்றில் லேசான கரி. முதலாவது சுத்தம்.

பிரஷ் தரையில் கிடந்தது, எடுக்கவில்லை. "அன்னைக்கே நானும் பாத்தேன்," என்றார். "தேய்ச்சு முடிச்சப்புறந்தான் உறைச்சுது. உங்கிட்ட ஒத்துக்க வாய் வரல."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இந்த வீட்டில் இருக்க முடியாது.

மார்ச் 17
கட்டுப் பிரித்தார்கள். இவரும் பக்கத்தில் நின்றார். டார்ச் அடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டாக்டர் தம்பியின் ஒரு கண்ணில் அடித்தார், பிறகு மற்றதில்.

"எப்ப சார் டார்ச் அடிப்பீங்க?" என்று கேட்டான் தம்பி.