உறவுமுறை என்ற கட்டம்

அக்கா,

போன கிழமை பொலிஸ் பதிவுப் படிவம் மறுபடியும் வந்தது. அதே மங்கல் தாள், அதே கட்டங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவுமுறை. அந்த மூன்றாவது கட்டத்தைக் கண்டதும் பேனையை மூடி வைத்துவிட்டேன். கோபம் அடங்கட்டும், நிரப்பலாம் என்று பார்த்தேன். அது அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வீட்டுச் சொந்தக்காரன் ஆன கூத்து உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் படிப்பு, துறைமுகக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணும் வேலை. இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவனுக்கு வருகிற, வாடகையில் சீதனம் சேர்க்கும் ஆசை எனக்கும் வந்து, கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டின் மேலே ஓர் அறை கட்டினேன். ஜன்னல் வைத்தேன், குழாயும் வைத்தேன். தண்ணீர் மேலே ஏறாது என்பது நீங்கள் குடிவந்த அன்றுதான் தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு காலையும் இரண்டு வாளி தூக்கிக்கொண்டு படியேறினேன். நான் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்து, "நீர்தான் வீட்டுக்காரன் எண்டு வெளியில சொல்லிப்போடாதையும் தம்பி, சனம் நம்பாது" என்பீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கனடா மகனிடம் போக வந்தவர் நீங்கள். இரண்டு மாதத்தில் விசா வரும் என்றீர்கள். ஒரு வருடமாகியும் வரவில்லை.

அந்த முதல் படிவத்தில் நான் வாடகைக்காரி என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்து ஆளை வாடகைக்கு வைத்தால் வீட்டுக்காரனையும் ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள், சொந்தம் என்று போட்டுவிடு என்று பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெயரோ ஒரு புனிதருடையது. உங்களுடையது முருகனின் பெண்சாதியுடையது. கோழி திருடுகிறவனுக்குக்கூட என்னைவிட மூளை இருந்திருக்கும்.

தெருவை மறித்து வீடு வீடாகச் சோதிக்கிற சுற்றிவளைப்பு வந்தது ஒரு பகல் பொழுதில். சார்ஜன்ட் படிவத்தைப் பார்த்தார், உங்கள் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், எங்கள் சுவரில் இருந்த யேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்தார். ஒரே தாய்க்கு இரண்டு சமயத்தில் பிள்ளை பிறக்குமா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். எனக்கும் பயத்தில் சிரிப்பு வந்தது. அதோடு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஸ்டேஷனில் ஒரு மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். பொய் எழுதியது ஏன் என்ற கேள்வி என்னிடம்தான் வந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்.

"நான்தான் அப்பிடி எழுதச் சொன்னனான் எண்டு சொல்லும் தம்பி. உமக்குப் பிள்ளையள் இருக்கு."

உங்களுக்குச் சிங்களம் தெரியாது. அதை சார்ஜன்டுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன், அக்கா. ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

பொழுது படுமுன் என்னை விட்டார்கள். உங்களை நான்கு நாள் வைத்திருந்தார்கள். பெற்ற மகனைப் பார்க்க விசாவுக்குக் காத்திருந்த மனுஷியால் இந்த நாட்டுக்கு என்ன கேடு வந்திருக்கும்? சொந்த நாட்டில் ஓர் அறையில் குடியிருக்க எதற்கு ஒருத்தி யாருக்காவது அக்காவாக இருக்க வேண்டும்? அதை அந்த சார்ஜன்டிடம் கேட்கத் துணிவில்லாதவன், ஐந்தாம் நாள் நீங்கள் திரும்பி வந்தபோது செய்தது என்ன? உங்கள் சூட்கேசைக் கட்டி வாசலில் வைத்திருந்தேன். மனைவி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். பிள்ளைகளுக்காக என்று ஏதோ உளறினேன்.

"அக்கா எண்டு எழுத மட்டும்தான் உமக்குக் கை வந்தது" என்றீர்கள். சூட்கேசை நான் தூக்க வர, விடவில்லை.

நீங்கள் பிறகு போய்த் தங்கிய வெள்ளவத்தை லொட்ஜின் மனேஜர் ஏழு மாதம் கழித்துத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்கள் அக்கா காலையில் எழும்பவில்லை" என்றார். லொட்ஜ் பதிவில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் என் பெயர், என் விலாசம், தம்பி என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. மன்னித்து எழுதினீர்களா, என்னைக் குத்திக் காட்ட எழுதினீர்களா? இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டுப் போனதற்காக உங்கள் மேலும் கோபம் உண்டு.

மகனால் வர முடியவில்லை. கனத்தை மயானத்தில் ஐயர் யார் கொள்ளி வைப்பது என்று கேட்டார். தம்பி என்றேன். சட்டைப் பையில் செபமாலையோடு, தோளில் கொள்ளிக்குடத்தோடு, தண்ணீர் ஒழுக ஒழுக உங்களை மூன்று முறை சுற்றி வந்தேன். வாளியோடு படியேறும்போது வாங்கியதைவிட அன்று மூச்சு வாங்கியது.

இப்போது மோட்டார் போட்டிருக்கிறேன், தண்ணீர் மேலே ஏறுகிறது. மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் இளம் புருஷன் பெண்சாதி குடியிருக்கிறார்கள். சொந்தம் என்று எழுதிவிடுங்களேன் ஐயா என்று அந்தப் பிள்ளை நேற்றுக் கேட்டாள். மாட்டேன் என்றேன். வாடகைக்காரர் என்று எழுதுவேன். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் நானும் கூடப் போவேன்.

எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம், பாதி இப்போது மறந்தும் போயிற்று. அன்று ஸ்டேஷனில் சொன்ன அந்த ஒரு வசனம் மட்டும் பிசகாமல் வாயில் நிற்கிறது. தமிழில் அது உங்களுடையது. சிங்களத்தில் சொன்னவன் நான்.

இப்படிக்கு,
நீங்கள் எழுதிய தம்பி